உள்பக்கத்து நீல வண்டி

சனிக்கிழமை சாயங்காலம் பந்தயத் தடத்தின் பம்ப்செட் வளைவில் சறுக்கிப்போய் டயர்ச் சுவரில் மோதிய வண்டி, ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு வந்து அதே இடத்தில் சறுக்கி அதே சுவரில் மோதியது, திங்கட்கிழமையும் மோதியது, நிஜ வண்டி மூக்கு நசுங்கி ஒர்க்ஷாப்பில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க, அதை ஓட்டிய தென்னரசு கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே வளைவில் அவனும் அவன் வண்டியும் தினம் ஒரு தடவை வந்து மோதிவிட்டுப் போனார்கள்.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். விடிந்தால் அடைந்தால் லேத்தும் மோட்டாரும் ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர், ஒரு விபத்து தினமும் நடந்தால் அதுவும் ஏதோ ஷிப்டுக் கணக்கில் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஊர். வண்டி பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வரும், சத்தம் வரும், ரப்பர் கருகுகிற வாசனை வரும், கையை நீட்டினால் கையில் ஒன்றும் படாது, கொஞ்சம் சில்லென்று இருக்கும், மோதி முடித்துத் தூசி அடங்கும்போது அங்கே ஒன்றுமிருக்காது. மழை பெய்தால் நனையாது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தடத்துக்காரர்கள் சொன்ன பதில், "வந்திருச்சுங்க, என்ன பண்றது" என்பதுதான்.

என் பெயர் லோகநாயகி. வாரநாளில் கணபதியில் ஒரு பட்டறையில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன். பந்தய நாளில் கரட்டுப்பாளையம் தடத்தில், பழைய பம்ப்செட் ரூமுக்கு எதிரே இருக்கிற வளைவில் நின்று கொடி காட்டுகிறேன். முன்னால் ஆபத்து இருந்தால் மஞ்சள் கொடி, தடம் சரியாகிவிட்டால் பச்சைக் கொடி. சம்பளமெல்லாம் கிடையாது, மதியச் சாப்பாடும் ஒரு தொப்பியும் கொடுப்பார்கள். "வெயில்ல நின்னு துணி ஆட்டறதுக்கு ஒரு பொம்பள, அவளுக்கு ஒரு தொப்பி" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத பந்தய நாள் கிடையாது. சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் சாயங்காலம் முழுக்க டிவியில் கிரிக்கெட் பார்த்து அம்பயரைத் திட்டுகிற மனுஷர், அவரிடம் எனக்கென்ன பேச்சு.

தென்னரசுவை எனக்கு எப்படிப் பழக்கம் என்றால், பந்தயம் முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும், தடத்தைச் சுற்றி நடந்தே வந்து ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற ஒரே ஆள் அவன்தான். மற்றவர்களுக்கு நாங்கள் கம்பி வேலிக்கு ஊன்றிய கல்லுக்கால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தொட்டதெல்லாம் ஜெயம். போன வருஷம் சுமார். இந்த வருஷம் ஒன்றும் சரியில்லை, ஏன் சரியில்லை என்று அவனுக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் டீக்கடைகளில் அதற்கு ஒரே வார்த்தைதான், "பார்ம் போச்சு." வடையைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் நான் தண்ணீர் கேன் எடுக்கப் போனபோது, அவன் டீம் முதலாளி எல்லாப் பையன்களுக்கும் முன்னால் அவனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்: "இன்னைக்கு மேடை ஏறலீன்னா ஹெல்மெட்டக் கழட்டி வெச்சுட்டுப் போயிரு, அடுத்த பையன் ரெடியா இருக்கான்." அவன் சரிங்க என்றான். ஒரு மனுஷன் வேறென்ன சொல்லுவான்.

அன்றைக்கு நடந்தது இதுதான், நான் கூப்பிடு தூரத்தில் நின்று பார்த்தது. தென்னரசு மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான், அவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு ஆல்வின், சிங்காநல்லூர்ப் பையன், நீல வண்டி. சுற்றுக்குச் சுற்று உரசிக்கொண்டே வந்தான். முடிகிற சமயத்தில் பம்ப்செட் வளைவுக்குள் ஆல்வின் உள்பக்கமாக நுழைந்தான். இந்தப் பந்தயக் கார்களுக்குச் சக்கரத்தின் மேல் மூடி கிடையாது, சக்கரமும் சக்கரமும் தொட்டால் இரண்டும் ஆகாயத்துக்குப் போகும். தென்னரசு ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தான், நீல வண்டியின் சக்கரம் தன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தான், திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், பிரேக்கை மிதிக்கவேண்டிய இடத்தில் மிதிக்காமல், ஒரு மூச்சு நேரம் பொறுத்தான். அப்படிப் பொறுத்ததில் ஆல்வின் பிழைத்தான். தென்னரசு மண் படிந்த ஓரத்துக்குப் போய்விட்டான், அப்புறம் மிதித்து என்ன பிரயோசனம், வண்டி வழுக்கிக்கொண்டு போய் மோதியது. தப்பு இருந்ததா என்றால் இருந்தது, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே உள்பக்கத்தை அடைத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆல்வின் நுழைந்தது தப்பா என்றால் அதுவும் தப்பில்லை, பந்தயம் என்றால் நுழையத்தான் செய்வார்கள்.

ஆனால் வளைவில் தங்கிப்போனது தென்னரசுவின் வண்டி மட்டும். நீல வண்டி தங்கவில்லை. சரியாகப் போன வண்டிக்குத் தங்குவதற்கு என்ன இருக்கிறது, அது பாட்டுக்குப் போய் மூன்றாவதாக மேடை ஏறி மாலை வாங்கிவிட்டது. அதனால் தினமும் சாயங்காலம் வந்தவர்கள் பார்த்தது என்னவென்றால், வெறிச்சோடிக் கிடக்கிற தடத்தில் ஒரு பையன் தன்னந்தனியாக வருகிறான், பக்கத்தில் ஈ காக்கை இல்லை, காரணமே இல்லாமல் தலையை ஒருபக்கம் திருப்புகிறான், மிதிக்கவேண்டிய இடத்தைக் கோட்டை விடுகிறான், போய் மோதுகிறான்.

பார்க்க வந்த கூட்டத்தைக் கேட்காதீர்கள். முதல் வாரம் பக்கத்து மில் ஆட்கள் ஷிப்டு முடிந்து சைக்கிளோடு வந்து நின்றார்கள், அடுத்த வாரம் காளான் மசாலா விற்கிற தள்ளுவண்டி வந்தது, காளான் வண்டி வந்த இடத்துக்கு இளநீர்க்காரர் வந்தார், இளநீர்க்காரரைப் பார்த்துப் பலூன்காரர் வந்தார், சொந்தபந்தம், ஒறம்பரை என்று வீட்டுக்கு யாராவது வந்தால் மருதமலைக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் இங்கே கூட்டி வந்து காட்டினார்கள், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்கள் எல் போர்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றி வந்து "இப்படித்தான் ஓட்டக் கூடாது" என்று பாடம் நடத்தினார்கள், பைக் வாங்கிக் கேட்கிற மகன்களை அம்மாக்கள் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து நிறுத்தினார்கள், ஒரு காலேஜ் புரொபசர் மாணவர்களோடு வந்து டேப் வைத்து அளந்து எங்கே மிதித்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சாக்பீஸால் தடத்தில் கோடு கிழித்துவிட்டுப் போனார், அந்தக் கோட்டைத் தாண்டி வண்டி மிதிக்காமல் வரும்போதெல்லாம் கூட்டம் முழுக்க "ப்ச்" என்று ஒரு சத்தம் போடும்.

மொபெட்டைத் தவிர வேறெதையும் ஓட்டியிராத பெரிய மனுஷர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கொஞ்சம் முன்னாடி மிதிச்சிருக்கோணும்" என்பார்கள். "கவனம் எங்கியோ இருக்குது பாரு" என்பார்கள். அந்த ஹெல்மெட் திரும்பும்போது, "பாத்தியா, பாத்தியா, வேடிக்கை பாக்கறான்" என்பார்கள், எவளோ நின்றிருப்பாள் என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இருந்தார்கள். "பாவம், பார்ம் இல்லாத பையன், விடுங்க" என்பார்கள். திட்டினவர்களையாவது பொறுத்துக்கொண்டேன், இந்தப் பாவப்படுகிறவர்களை எனக்குப் பொறுக்கவே முடியவில்லை.

நான் எல்லோரிடமும் சொன்னேன். உள்பக்கம் ஒரு நீல வண்டி இருந்துச்சுங்க, அதைப் பாக்கத்தான் தலையத் திருப்பறான், அந்தப் பையன இடிச்சுரக் கூடாதுன்னுதான் பொறுத்தான். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். "அப்படீங்களா. இருந்தா அதுவும் தெரியணுமில்லீங்க?" என்பார்கள். பம்ப்செட் வளைவுப் பக்கம் உட்கார்ந்து பார்க்க இடம் கிடையாது, அதனால் அன்றைக்கு அங்கே போன் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. தடத்துக்காரர்களின் ஒரே கேமரா ஆரம்பக் கோட்டைப் பார்த்து நின்றது. நான் இருந்தேன், தீயணைக்கிற சிலிண்டரோடு சின்னராசு இருந்தார், அவ்வளவுதான் சாட்சி.

சின்னராசு ஆரம்பத்தில் என்னைவிடச் சத்தமாகச் சொன்னவர். தினமும் வந்து பார்ப்பார், பார்த்துவிட்டுச் சொல்லுவார். ஒருநாள் காளான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி மோதி முடிந்ததும், "ஏனுங்க லோகாக்கா, அன்னிக்கு அந்த நீல வண்டி இந்த வளைவுலயா வந்துச்சு, அடுத்த வளைவுலயா?" என்று கேட்டார். இந்த வளைவுதாங்க என்றேன். சரியென்றார். அடுத்த வாரம், "எனக்கென்னமோ வந்த மாதிரியே தோணலீங்க" என்றார். பொய் சொல்லுகிற மனுஷர் இல்லை அவர், அதுதான் கொடுமை. ஒரு தடவை பார்த்ததை ஓராயிரம் தடவை பார்த்தது மேலே வந்து மூடிவிட்டது, அதற்கு அவர் என்ன செய்வார்.

எனக்கும் மறந்துவிடக் கூடாதென்று அன்றிலிருந்து நான் சாயங்காலம் வளைவுப் பக்கம் போவதை நிறுத்தினேன். பட்டறையில் காயில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நீல வண்டி உள்பக்கம், நீல வண்டி உள்பக்கம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுற்றினேன். பக்கத்து மெஷின் பெண்கள் நான் ஏதோ ஸ்லோகம் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விசாரணையைக் கங்காதரன் சாரிடம் கொடுத்தார்கள். மில்லில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தடத்தில் நடுவர். எந்த டீமிலும் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிக்காத மனுஷர், தன் அக்கா மகன் ஓட்டிய பந்தயத்தில் அவனுக்கே அபராதம் போட்டவர். பொறுப்பில்லாமல் ஓட்டினான் என்று தீர்ப்பானால் தென்னரசுவுக்கு ஒரு வருஷம் தடை, ஒரு வருஷம் வண்டியில் உட்காராதவனை அதற்கப்புறம் யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கப் போவதில்லை, அவன் வயசுக்கு அதோடு முடிந்தது. இது சாருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவர் அவசரப்படவில்லை. ஸ்டூலைப் போட்டுத் தினமும் வளைவில் உட்கார்ந்தார், உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தார், வெளிப்பக்கம் உட்கார்ந்து பார்த்தார், பம்ப்செட் ரூம் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தார், கடைசியில் வண்டி தனக்குள்ளே புகுந்து போகட்டும் என்று தடத்து நடுவிலேயே நின்றும் பார்த்தார்.

நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "சார், நீங்க பார்க்கறதுல பாதிதான் இருக்குது. மீதிப் பாதி போயிருச்சு."

"லோகநாயகி, அடுத்தவங்க சொல்றத வெச்சு ஒரு பையன் வாழ்க்கைய நான் முடிவு பண்ண மாட்டேன். சந்தேகம் தீர்ற வரைக்கும் என் கண்ணால பார்ப்பேன். அதுதான் நியாயம்."

"பாக்கப் பாக்கத்தான் சார் மறையுது."

சாருக்குக் கோபமில்லை. "உனக்கு அவன் மேல பிரியம் இருக்குதும்மா. அது தப்பில்ல. ஆனா அதையும் நான் கணக்குல எடுத்துக்கணுமில்ல" என்றார். நியாயஸ்தனிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

ஆல்வினைப் பிடித்தேன். அந்தப் பையன் தங்கமான பையன், மறைக்கவே இல்லை. பேப்பர்க்காரர்களைக் கூப்பிட்டு, நான் உள்பக்கம் நுழைஞ்சேன், தென்னரசு அண்ணன் எனக்கு இடம் விட்டாரு, இல்லீன்னா நான் இன்னைக்கு இல்லை என்று சொன்னான். மறுநாள் பேப்பரில் அவன் படம் போட்டு, தோற்றுப்போன போட்டியாளனின் தவறைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை என்று எழுதினார்கள். ஊரே உச்சி குளிர்ந்துபோனது. ரோட்டரிக்காரர்கள் சால்வை போர்த்தினார்கள். மேடையில் அவன் மறுபடியும், நிஜமாவே நான் அங்க இருந்தேனுங்க என்றான், கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றான். "என்னக்கா பண்றது, நம்ப மாட்டேங்கறாங்களே." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று கூடத் தெரியவில்லை.

கழுத்துப் பட்டையைக் கழற்றிய பிறகு தென்னரசு வளைவுக்கு வர ஆரம்பித்தான். வராதே கண்ணு என்று போன் போட்டுச் சொன்னேன். "ஊரே பாக்குதுங்கக்கா, நான் பாக்காம எப்படி" என்றான். டயர்ச் சுவரின் மேல் உட்கார்ந்து, தான் வந்து தன் காலடியில் மோதுவதைத் தினமும் பார்த்தான். ஜனங்கள் அவனிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், தோளைத் தட்டி, "அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடி மிதி தம்பி" என்றார்கள், அவனும் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டான். ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிவந்து அவன் வாயால் புத்திமதி சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னான்.

விசாரணையை வளைவிலேயே வைத்தார்கள். பிளாஸ்டிக் சேர் போட்டு, கங்காதரன் சாரும் இன்னும் இரண்டு நடுவர்களும் உட்கார்ந்தார்கள், கயிறு கட்டி அந்தப் பக்கம் ஜனம். முதலில் வண்டி வந்து மோதட்டும் என்று காத்திருந்தார்கள். மோதியது. கூட்டம் "ப்ச்" என்றது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், காலையில் முதலாளி சொன்னதிலிருந்து, முதுகில் ஒட்டிக்கொண்டு வந்ததிலிருந்து, நீல வண்டியின் சக்கரம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது வரைக்கும் கையை விரித்துக் காட்டிச் சொன்னேன். இன்னொரு நடுவர், "நெருக்கடி எல்லாருக்கும்தாம்மா இருக்குது, அத எப்படி நாங்க பார்க்கறது" என்றார். ஆல்வின் எழுந்து சொன்னான். ஜனங்கள் கைதட்டினார்கள்.

கங்காதரன் சார் கையைக் காட்டி அமைதியாக்கினார். "தென்னரசு, இங்க யார் சொல்றதவிடவும் நீ சொல்றது பெருசு. உன் ஒரு வார்த்தை போதும். உள்பக்கம் வண்டி இருந்துச்சுன்னு நீ சொன்னா, நான் என் கண்ணை நம்ப மாட்டேன், உன்னைத்தான் நம்புவேன்."

அந்த மனுஷரை நான் என்னென்னவோ நினைத்திருந்தேன், அந்த நிமிஷம் எழுந்து போய்க் காலில் விழலாம் போலிருந்தது. சொல்லு கண்ணு என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

தென்னரசு தடத்தைப் பார்த்தான். உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தான், தேடுகிற மாதிரிதான் பார்த்தான்.

"யாருமில்லீங்க சார்" என்றான். "நானும் தினம் வந்து பாக்கறேன். எதுக்கு அந்தப் பக்கம் தலையத் திருப்பினேன்னு எனக்கே புரியல. லோகாக்கா நல்லவங்க, ஆல்வினும் நல்ல பையன், எனக்காகச் சொல்றாங்க. நான் லேட்டா மிதிச்சேனுங்க. அவ்வளவுதான்."

பொய்யும் இல்லை, ரோஷமும் இல்லை. நம்பித்தான் சொன்னான். கங்காதரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு வருஷம் தடை என்றார். தென்னரசு கும்பிட்டு ஏற்றுக்கொண்டான். ஜனங்கள், உள்ளதைச் சொன்ன பையன் என்று அவனைப் புகழ்ந்துகொண்டே கலைந்தார்கள், தீர்ப்பு ரொம்ப நியாயமான தீர்ப்பு என்று எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் மனசு கேட்காமல் வளைவுக்குப் போனேன். காளான் வண்டி இருந்தது, கூட்டம் கொஞ்சம் குறைவு. தென்னரசு டயர்ச் சுவரில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் போய் நின்றேன். வண்டி வந்தது. அதே சத்தம், அதே வேகம், சாக்பீஸ் கோட்டைத் தாண்டி மிதிக்காமல் அப்படியே வந்தது. ஹெல்மெட் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடி வந்து, நேராகப் பார்த்தபடி சறுக்கி, நேராகப் பார்த்தபடியே மோதியது.

"சார்" என்று கத்தினேன். கங்காதரன் சார் அந்தப் பக்கம் ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தார். "சார், தலை திரும்பல பாத்தீங்களா? இத்தனை நாளும் திரும்புச்சில்ல?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எப்பம்மா திரும்புச்சு?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன், சின்னராசுவைப் பார்த்தேன். எல்லோருடைய முகத்திலும் மரியாதைதான் இருந்தது.

தென்னரசு டயர்ச் சுவரிலிருந்து இறங்கினான். விசாரணை ஆரம்பித்த நாளிலிருந்து அவன் முகத்தில் இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை. தூசி அடங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டான்.

"இன்னைக்குப் பரவால்லீங்களாக்கா? கவனம் சிதறாம, நேராப் பாத்து ஓட்டறேனில்ல?"

என்னால் முடிந்தது அவ்வளவுதான். "ஆமா கண்ணு" என்றேன்.